மிஸ்ஸி தவமணி கேட்ட இரண்டு கேள்விகள்

நம் கிளினிக் தாதி தவமணி மிஸ்ஸி இறந்த செய்தி வந்தபோது நான் பிரிஞ்சாங்கில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. நம் தேயிலைத் தோட்டத்து வாட்சாப் குழுவில் கோயில் கமிட்டிச் செயலாளர் குணசேகரன் எழுதியிருந்தார்: "நம் அனைவரின் அன்புக்குரிய, கருணையே வடிவான தவமணி மிஸ்ஸி இன்று காலை ஈப்போவில் மகள் வீட்டில் காலமானார்." அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. "கருணையே வடிவான" என்ற இடத்தில் எனக்குச் சத்தமாகவே சிரிப்பு வந்துவிட்டது. கல்லாவிலிருந்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக நான் இருந்த நாளிலிருந்தே அவருக்கு என்னைத் தெரியும்.

"என்னா லா கிராணி, நல்ல சேதியா?"

"கிளினிக் மிஸ்ஸி செத்துப் போச்சாம்," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஆற்றப் போய்விட்டார்.

எனக்கு முதலில் துக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். முதலில் வந்தது நிம்மதி. இனி இந்த மலையில் என் உள்விஷயம் தெரிந்தவர் என் மனைவியைத் தவிர வேறு யாரும் இல்லை என்ற நிம்மதி. ரொட்டியை முடிப்பதற்குள் அது போய்விட்டது. அடுத்து வந்தது கோபம். கும்பிடும் கைகளை அனுப்பியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அந்த அம்மாவை இந்தத் தோட்டத்தைவிட்டு அனுப்ப வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்கள். அந்த மனுவை எழுதியவன் நான். ஆகவே எனக்கு ஆள் தெரியும்.

நாலைந்து நாள் கழித்துக் குணசேகரன் வீட்டுக்கு வந்தார். "நல்ல விதமா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க கிராணி. கருமாதி அன்னிக்கி மண்டபத்துல படிக்கணும். ஒங்களுக்குத்தான் தமிழ் நல்லா வரும்," என்றார். நல்ல வார்த்தை என்னிடம் இல்லை, நடந்ததை வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். கமிட்டி ஆட்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். ஆகவே, மிஸ்ஸியை அறிந்தவர்களே, உட்கார்ந்து கேளுங்கள்.

அவர் கருணையே வடிவானவர் அல்லர். அது உங்களுக்கும் தெரியும். தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தாதி வேலைக்குப் படித்து, பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால் நம் கிளினிக்குக்கு வந்தார். குட்டை உருவம். குரல் மட்டும் ஆலைச் சங்கு. இனிப்புநீர்க்காரர்களின், அதாவது சர்க்கரை நோயாளிகளின், பட்டியல் அவர் பொறுப்பில் இருந்தது. பத்து மணிக்கு வரச் சொன்னால் பத்து மணிக்கு வர வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால், "என்னா, மாப்பிள்ளை அழைப்புக்கா வரீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். இனிப்பு இறங்காமல் வந்தவர்களை அவர் பேசும் பேச்சைக் கேட்டால், இதற்கு நோயே தேவலை என்று தோன்றும். அவருக்கு என்னை முதல் நாளே பிடிக்கவில்லை. எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் கடைசிவரை ஒத்துப்போனோம்.

சண்டை ஒரு கேள்வித்தாளில் தொடங்கியது. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேட்டுப் பதிந்து வைக்க வேண்டும் என்று மேலிடத்தில் கிளினிக்குக்குச் சொல்லியிருந்தார்கள். மனம் சோர்ந்தவன் மருந்தை விடுவான். மருந்தை விட்டவனுக்குக் கண்ணும் காலும் கெடும். அவை கெட்டால் சோர்வு இன்னும் கூடும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, மிஸ்ஸி ஒரு வாரம் பயிற்சிக்குப் போயிருக்கிறார், தாள்கள் மலாயில் இருக்கின்றன, கிளினிக் உதவியாள் அறுபத்துச் சொச்சம் தாளைக் கொண்டுவந்து, "நீங்களே கேட்டு எழுதி வச்சிருங்க கிராணி," என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான் என்பது மட்டும்தான்.

நான் எனக்குத் தெரிந்த வழியில் கேட்டேன். காலையில் ஆட்கள் வேலைக்குப் போகுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்பார்கள். பேரேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவது என் வேலை. கூப்பிட்டவர், "வந்துட்டேங்க," என்று சொல்ல வேண்டும். "சொகமில்லைங்க," என்று சொன்னவரை வரிசையைவிட்டு ஒதுங்கச் சொல்வோம். அன்றைக்கு அவருக்கு வேலை கிடையாது. என் அப்பா கிராணியாக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். நம் லயத்து வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கிராணி கேட்டால் எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மனச்சோர்வுக் கேள்விகளை நான் அந்தப் பெரட்டில் வைத்துக் கேட்டேன்.

"பாக்கியம், மனசு சரியில்லாம இருக்கா?"

"ஒன்னும் இல்லைங்க கிராணி."

"தூக்கம் வருதா?"

"வருதுங்க."

பக்கத்தில் ஆட்களை வேலை வாங்கும் தண்டல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வரிசையில் மற்றவர்கள் சிரித்தார்கள். கொழுந்தெடுக்க மலையேறுவதற்குள் எல்லாத் தாளும் முடிந்துவிட்டன. எல்லாவற்றிலும் "இல்லை". ஒரே ஒரு தாள் மிச்சம். அது என் மனைவி சரோஜாவுடையது. அவளும் இனிப்புநீர்க்காரிதான், தினமும் ஊசி போடுகிறவள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பானேன்? என் பெண்டாட்டியைப் பற்றி எனக்குத் தெரியாதா? மேசையில் வைத்து நானே எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று குறித்தேன்.

மிஸ்ஸி திரும்பி வந்து தாள்களைப் புரட்டினார். அலுவலகத்தில் தண்டலும் இரண்டு சின்னக் கிராணிகளும் இருந்தார்கள்.

"அறுவது பேருக்கு மேல இருக்காங்க. ஒருத்தருக்குக்கூடத் தூக்கம் கெடல, ஒருத்தருக்குக்கூட மனசு சலிக்கல. நான் தோட்டத்துக்கு வந்தேனா, வைகுந்தத்துக்கு வந்தேனா?" என்றார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து முதல் தாளில் குறுக்காக ஒரு கோடு போட்டார். ஒவ்வொரு தாளாக, என் கண் முன்னாலேயே, எல்லாவற்றிலும் போட்டார். "நீங்க பெரட்டு எடுத்திருக்கீங்க கிராணி. நான் கேக்கச் சொன்னது வேற."

இருபத்தெட்டு வருட வேலையில் எந்தத் துரையும் என் எழுத்தின் மேல் கோடு போட்டதில்லை. இந்த அம்மாவை இங்கே இருக்கவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அவர் என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கிளினிக்கின் பின்பக்கம் உடைந்த கட்டில்கள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்தார். ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, ஒரு பிளாஸ்டிக் பேசின், வெந்நீர். இனிப்புநீர்க்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. மிஸ்ஸி ஒவ்வொருவராக உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துவார். நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, தான் முக்காலியில் தாழ உட்கார்ந்து, காலைக் கழுவித் துடைத்து மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். நம் ஆட்கள் பதறிப்போனார்கள். "ஐயோ பாவம்மா, காலத் தொடாதீங்க," என்று இழுத்துக்கொள்வார்கள். "காலத்தானே கேட்டேன், கழட்டியா எடுக்கப் போறேன்? குடுங்க லா," என்பார்.

பிறகு கண்ணை மூடச் சொல்வார். மெல்லிய நைலான் நூல் ஒன்றால் பெருவிரல், சுண்டுவிரல், உள்ளங்கால் என்று தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். தெரியுது. தெரியுது. தெரியல. இல்லாததை இல்லை என்று சொல்ல வாய் பழகிய பிறகு, அதே குரலில், காலை விடாமல், இரண்டு கேள்விகள் கேட்பார். கடந்த இரண்டு வாரங்களாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா என்பது ஒன்று. மனம் தளர்ந்து நம்பிக்கையற்று இருக்கிறதா என்பது இன்னொன்று. ஒன்றுக்கு "ஆமா" என்றாலும் மேலே நீளமாகக் கேட்டு டாக்டரிடம் அனுப்புவார். ஏன் இந்தக் கூத்து என்று உதவியாள் கேட்டதற்கு, "மூஞ்சியப் பாத்துக் கேட்டா மூஞ்சிதான் பதில் சொல்லும்," என்றாராம்.

நம் ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. தன் காலைப் பிடித்துக்கொண்டிருப்பவரிடம் பொய் சொல்ல நாக்கு எழாது. மிஸ்ஸிக்கு அது தெரிந்திருந்தது. நான் அதைத் தந்திரம் என்றேன். இன்றைக்கும் தந்திரம் என்றுதான் சொல்வேன். ஆனால் பெரட்டில் ஒன்றும் இல்லை என்று சிரித்த பாக்கியம் அந்த அறையில் அரை மணி நேரம் அழுதாள். வெளியே வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

டாக்டர் அவளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் லயம் முழுக்கப் பேச்சு, பாக்கியத்துக்கு மண்டை குழம்பிவிட்டது என்று. மிஸ்ஸி அறைக்குள் போனால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள் என்று முதலில் சொன்னது யார் என்று இவ்வளவு நாள் உங்களுக்குச் சந்தேகம் இருந்திருக்கலாம். நான்தான். மூன்று இடங்களில் சொன்னேன். முப்பது இடங்களுக்கு நீங்கள் கொண்டுபோனீர்கள். பாக்கியத்தின் மகளுக்குக் கோலா தெர்லாவிலிருந்து வந்த சம்பந்தம் அதோடு நின்றது. "அம்மாவுக்கு மண்டையில கோளாறாமே?" என்று கேட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெண் பிறகு இதைவிட நல்ல இடத்துக்குப் போனாள் என்பதற்காக நாம் செய்தது நல்லதாகிவிடாது.

ஒரு புதன்கிழமை சரோஜா அந்த அறைக்குள் போனாள். நான் கிளினிக் வாசலில் நின்றேன். மற்றவர்களுக்குக் கால் மணி நேரம் ஆகும். அவள் வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கண் வீங்கியிருந்தது. என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, "கால் பாத்தாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். நான் நேரே உள்ளே போனேன். மிஸ்ஸி பேசினைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என் பொண்டாட்டி என்னா சொன்னான்னு நான் பாக்கணும். அந்தத் தாளக் குடுங்க."

"குடுக்க முடியாது."

"நான் அவ புருசன்."

"அதனாலதான் சொல்றேன், அவங்களையே கேளுங்க. ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?"

"இந்தத் தோட்டத்துல நான் கேட்டு யாரும் மாட்டேன்னு சொன்னதில்ல."

அப்போதுதான் திரும்பினார். "அதான் ஒங்களுக்கு ஒன்னும் தெரிய மாட்டேங்குது," என்றார்.

வீட்டுக்குப் போனேன். சரோஜா பத்தடி தூரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. பேனாவை எடுத்து மனு எழுதினேன். நோயாளிகளை அறையில் அடைத்து அழவைக்கிறார், குடும்ப விஷயங்களைத் துருவுகிறார், பெண்களுக்குப் பைத்தியப் பட்டம் கட்டுகிறார். நல்ல கையெழுத்து, பிழையில்லாத மலாய். முப்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டீர்கள். பாதிப் பேர் வாசிக்காமலே போட்டீர்கள். கிராணி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்றீர்கள். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உங்கள் மேல் எரிச்சலாக இருக்கிறது.

மேலிடத்தில் விசாரித்தார்கள். மிஸ்ஸியை லெம்பா பெர்த்தாம் பக்கம் வேறு கிளினிக்குக்கு மாற்றினார்கள். போகிற அன்று அவர் என் மேசைக்கு வந்து நின்றார். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சரோஜாக்கா தெனம் ஊசி போடுறாங்களான்னு கண்ணால பாருங்க. கோவத்த என்மேல வச்சிக்குங்க, ஊசிமேல வைக்காதீங்க."

"என் வீட்ட நான் பாத்துக்குவேன்," என்றேன்.

பார்க்கவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் நல்ல பெண், யாரையும் திட்டாது. ஆட்களை வெளி பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்துக் கேள்வித்தாளை நிரப்பியது. நீங்கள் மறுபடியும் ஒன்றும் இல்லை என்றீர்கள். சரோஜாவும் சொன்னாள். மாதாமாதம் இன்சுலின் வாங்கி வந்தாள். அவள் இளைத்தாள். இனிப்பு இறங்குகிறது, நல்லதுதான் என்று நினைத்தேன். தண்ணீர் தண்ணீராகக் குடித்தாள். வெயில் காலம் என்று நினைத்தேன். இந்த மலையில் எது வெயில் காலம்? நாலு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலை சீவிக்கொண்டிருந்தவள் சீப்பைப் பிடித்தபடியே கட்டிலில் சாய்ந்தாள். கூப்பிட்டால் முனகல் மட்டும் வந்தது. மருத்துவமனையில் விரலில் குத்திப் பார்த்தபோது இயந்திரத்தில் எண்ணே வரவில்லை. அது காட்டக்கூடிய அளவைத் தாண்டிவிட்டது என்றார்கள். மூன்று நாள் யாரும் என்னிடம் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

நாலாம் நாள் அவளுக்குத் தெளிவு வந்தது. ஊசி போடவில்லையா என்று டாக்டர் கேட்கச் சொன்னார். கேட்டேன். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவளிடம் நான் கேட்ட முதல் உண்மையான கேள்வி அதுதான். அதுவும் டாக்டர் சொல்லித்தான் கேட்டேன்.

"எதுக்குப் போடணும்னு தெரியல," என்றாள். "ரெண்டு வருசமா அப்படித்தான். காலையில எந்திரிக்கிறப்பவே போதும்னு இருக்கும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவள் கூரையைப் பார்த்தாள். "நீங்கதான் ஒன்னும் இல்லன்னு எழுதிட்டீங்களே. மிஸ்ஸி காட்டுனாங்க. ஒங்க எழுத்துதானே அது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைக்குப் போகும்போது என்ன வாங்கி வர வேண்டும் என்று சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

அன்று மதியம் மிஸ்ஸி வந்தார். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியவில்லை. கோசு ஏற்றிய லாரியில் இடம் கேட்டு ஏறி வந்திருந்தார். சப்பாத்தெல்லாம் சேறு. சரோஜாவின் கட்டில் திரையை இழுத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். வெளியே வந்தபோது நான் எழுந்து நின்றேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். அன்றைக்கு அவர் திட்டியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"ஒங்களத் திட்டறதுக்கு நான் லாரி ஏறி வரல," என்றார். "குளிர்பெட்டியத் தெறந்து பாத்தீங்களா?"

"இல்ல."

"போய்த் தெறந்து பாருங்க. வாழ்ந்தது போதும்னு நெனைக்கிற ஆள மூஞ்சில கண்டுபுடிக்க முடியாது கிராணி. குளிர்பெட்டில தெரியும்."

வீட்டுக்குப் போய்த் திறந்தேன். கீரைக் கட்டுக்குப் பின்னால் நாலு மாதத்து இன்சுலினும் பிரிக்காமல் அடுக்கியிருந்தது. சரோஜா எதையும் அடுக்காக வைப்பவள்.

இந்த இடத்தில் நான் மிஸ்ஸியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதினால் உங்களுக்குக் கண் கலங்கும். நான் கேட்கவில்லை. மனுவையும் திரும்பப் பெறவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அவர் தானாகவே இங்கே திரும்பி வந்தார். வந்த அன்றே பின்னறையைத் திறந்து பேசினைக் கழுவிவைத்தார். சரோஜா டாக்டரைப் பார்த்தாள், மாத்திரை சாப்பிட்டாள், மாதம் ஒரு முறை ஆலோசகரிடம் போய்வந்தாள். மெல்ல மெல்ல வாசலில் பூச்செடி வைக்கத் தொடங்கினாள். அதற்காக நான் மிஸ்ஸிக்கு நன்றியுடன் இருந்தேனா? இல்லை. முப்பது வருடம் நான் பார்க்காததை ஒருத்தி ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டாள். அப்படிப்பட்டவரை யாருக்குப் பிடிக்கும்? அவரும் விடவில்லை. ஊருக்கு முன்னால், "நம்ம மனு கிராணி," என்றே கூப்பிட்டார்.

ஒரு நாள் அவர் என் மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். "நல்லாத்தான் எழுதுவீங்களே. அந்த ரெண்டு கேள்வியத் தமிழ்ல எழுதிக் குடுங்க. செவுத்துல ஒட்டணும். ஆளுங்களுக்கு வெளங்கணும்," என்றார். நான், "தங்களுக்கு அன்றாடச் செயல்களில் ஈடுபாடு குன்றியுள்ளதா?" என்று எழுதிக் கொடுத்தேன். "யாரு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரா வந்து ஒக்காரப் போறாரு?" என்று சிவப்புப் பேனாவால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த புதன்கிழமை, "மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்று எழுதினேன். "கல்யாண வீடா இது?" மறுபடி கோடு. இப்படி எத்தனை புதன்கிழமை என்று நினைவில்லை. கடைசியில் தாங்க முடியாமல் சரோஜாவிடமே கேட்டேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே யோசித்தாள்.

"முன்ன புடிச்சதெல்லாம் இப்பப் புடிக்காமப் போச்சான்னு கேளுங்க," என்றாள். கரண்டியை வைத்துவிட்டு, "நாளைக்கி விடிஞ்சா என்னா, விடியலன்னா என்னான்னு இருக்கான்னு கேளுங்க," என்றாள்.

அதை அப்படியே எழுதிக் கொண்டுபோனேன். மிஸ்ஸி இரண்டு முறை படித்தார். பேனாவை எடுக்கவில்லை.

"இது நீங்க எழுதுனது இல்ல," என்றார்.

"இல்ல."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

தாளைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினார்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் எனக்கும் இனிப்புநீர் வந்தது. அந்த நாற்காலியில் நானும் உட்கார வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். இப்போது பெரட்டில் பெயர் கூப்பிட யாரும் தேவையில்லை. விரலை வைத்தால் இயந்திரமே பதிந்துகொள்கிறது. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்துப் பிள்ளைகள், அவர்களுக்கு நான் யாரென்றே தெரியாது. ஒவ்வொரு முறையும் மிஸ்ஸி என் காலை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் நான் இல்லை என்பேன். காலைப் பிடித்தவரிடம் பொய் சொல்ல நாக்கு எழாது என்றேனே, என் நாக்கு எழுந்தது. "சரி, பொய்ய எழுதிக்கிறேன்," என்று எழுதிக்கொள்வார். ஆறு வருடமும் இதுதான் எங்கள் பேச்சு.

கடைசிப் புதன்கிழமையும் போயிருந்தேன். மிஸ்ஸியும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் புதன்கிழமைகளில் சம்பளமில்லாமல் வந்துகொண்டிருந்தார். அன்று மூச்சு வாங்கியது. பேசினைத் தூக்க முடியாமல் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்தார். கண்ணை மூடினேன். நூல் தொட்டது. தெரியுது. தெரியல. தெரியல.

"முன்ன புடிச்சதெல்லாம் இப்பப் புடிக்காமப் போச்சா?"

காலையில் பேப்பர் படிக்காமல் நான் இருந்ததில்லை. வீட்டில் இரண்டு மாதத்துப் பேப்பர்கள் பிரிக்காமல் கிடந்தன.

"ஆமா," என்றேன்.

நூல் நின்றது. "நாளைக்கி விடிஞ்சா என்னா, விடியலன்னா என்னான்னு இருக்கா?"

"ஆமா."

கண்ணைத் திறக்கவில்லை. ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். இப்பவாவது சொன்னீங்களே என்பார், அல்லது ஒரு குத்தல் பேச்சாவது வரும் என்று நினைத்தேன். அவர் இன்னும் சில கேள்விகள் கேட்டு மெதுவாக எழுதிக்கொண்டார். என் காலைத் துடைத்தார். காலுறையை அவரே மாட்டிவிட்டார்.

"செவ்வாக்கெழம டாக்டர் வராரு. பேர் எழுதிட்டேன். சாக்கு சொல்லாம வாங்க. அடுத்த ஆள அனுப்புங்க," என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது இதுதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், கூட வந்திருந்த சரோஜா கேட்டாள். "மிஸ்ஸி என்னா கேட்டாங்க?"

"எப்பவும் கேக்கறதுதான்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

பாதையோரத்தில் நின்று சொன்னேன். இரண்டு கேள்வியும் இரண்டு பதிலும் சொன்னேன். பேப்பரைப் பற்றியும் சொன்னேன். அவள் கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "செவ்வாக்கெழம நானும் வரேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸி போய்விட்டார். திங்கட்கிழமை ஈப்போவில் எரித்தார்கள். நானும் சரோஜாவும் போயிருந்தோம். உங்களில் ஐந்து பேர் வந்திருந்தீர்கள், நான் எண்ணினேன். செவ்வாய்க்கிழமை நாங்கள் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் சின்ன வயசுக்காரர், சீனர், மலாயில் கேட்டார். நான் மறுபடியும் ஆமாம் என்றேன். இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும். லயத்தில் யார் என்ன பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேச்சை உங்களுக்குக் கற்றுக் கொடுத்தவனே நான்தான்.

மிஸ்ஸியிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த "ஆமா" ஒன்றுதான். அது என் வாயில்தான் இருந்தது, ஆனால் அதை எடுக்க அவருக்கு ஆறு வருடம் பிடித்தது. இந்த மண்டபத்தில் அவர் படத்தைப் பெரிதாக்கி மாட்டப் போவதாகக் கமிட்டியில் பேசிக்கொள்கிறார்கள். மாட்டுங்கள். ஆனால் அடுத்த புதன்கிழமை புதிய மிஸ்ஸி பின்னறையில் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது நீங்கள் மறுபடியும் ஒன்றும் இல்லைங்க என்று சொல்வதாக இருந்தால், அந்தப் படம் இங்கே வேண்டாம். கழற்றி என்னிடம் கொடுத்துவிடுங்கள். என் வீட்டில் அதற்கு இடம் இருக்கிறது.